கூர்மையைத் தணிக்கும் கண்ணாடி: வாசகர் கேள்வி பதில்

டிஃப்யூஷன் ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டி, ஒளியைச் சற்றே சிதறடித்துப் படத்தை மென்மையாக்கும் கண்ணாடி) பற்றி ஈரோடு, கோவை, கரூர் பக்கமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. புது லென்ஸ்களின் கூர்மை முகத்துக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் பலருடைய குறை. இந்த இதழ்ப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேனுங்க. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். கல்யாணப் பொண்ணு முகத்துல பவுடர் திட்டுத் திட்டாத் தெரியுது. பொண்ணு வீட்டுக்காரங்க "பழைய கேமராவே தேவலை"ங்கறாங்க. ஃபில்டர் போட்டாச் சரியாகுமா?
கோபிசெட்டிபாளையம் வாசகர்

ஃபில்டருக்குப் பணம் கொடுக்கும் முன் கேமரா மெனுவைத் திறந்து பாருங்கள். ஜேபெக் படத்துக்கும் வீடியோவுக்கும் கேமராவே ஓரளவு ஷார்ப்னஸ் சேர்த்துத்தான் தருகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு பக்கம் வெளுப்பையும் மறுபக்கம் கறுப்பையும் கூட்டுவதுதான் அந்த வேலை. பவுடர் துகளுக்கும் விளிம்பு உண்டு என்பதால் அதுவும் தூக்கலாகத் தெரிகிறது. சோனியில் பிக்சர் புரொஃபைலுக்குள் இருக்கும் டீடெய்ல் அளவை -7 வரை இறக்கலாம். கேனனில் பிக்சர் ஸ்டைலில் ஷார்ப்னஸ் ஸ்ட்ரெங்த்தை 0 ஆக்கலாம். ஜன்னல் ஓரம் ஒருவரை உட்காரவைத்து, பழைய செட்டிங்கில் ஒன்றும் குறைத்த செட்டிங்கில் ஒன்றும் எடுத்து, பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். ரா ஃபைலை (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பை) இந்த செட்டிங் தொடாது. அதற்கு எடிட்டிங் மென்பொருளில் ஷார்ப்பனிங்கைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். மண்டபத்துக் கூரையில் இருக்கும் சின்ன எல்இடி விளக்குகள் நேர்மேலிருந்து அடிக்கும்போது தோலின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழும். எந்த ஃபில்டரும் அந்த நிழலை எடுக்காது. முகத்துக்கு 45 டிகிரியில் ஒரு சாஃப்ட்பாக்ஸ் வைத்தால் எடுக்கும்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் படம் கடுமையாக இருந்தால் காரணம் உங்கள் கருவிதான். முன்பெல்லாம் சென்சாருக்கு (ஒளியைப் படமாக்கும் சில்லுக்கு) முன்னால் நுண்விவரத்தை லேசாகக் கலைக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இருந்தது. 2012-இல் வந்த நிக்கான் டி800இ அதன் வேலையை முறியடித்தது. 2013-இல் வந்த சோனி ஏ7ஆர் அதை எடுத்தே விட்டது. ஆஸ்ஃபெரிக்கல் கண்ணாடியும் (வளைவை மாற்றிச் செதுக்கியது) நல்ல கோட்டிங்கும் வந்தபின் லென்ஸ்களும் முழுத் திறப்பிலேயே கூர்மை காட்டுகின்றன. ஃபில்டர் தேவைப்படும் இடம் இதுதான்.

ஆனால் எல்லா ஃபில்டரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போடுவது ஒன்று. கறுப்பை வெளுத்துக் கான்ட்ராஸ்டைக் குறைப்பது இன்னொன்று. நுண்விவரத்தை மட்டும் மழுங்கச் செய்வது மூன்றாவது. கடைகளில் அதிகம் விற்கும் மிஸ்ட் வகை முதல் இரண்டையும் நன்றாகச் செய்யும், மூன்றாவதைக் கொஞ்சம்தான் செய்யும். தோல்தான் உங்கள் கவலை என்றால் நுண்ணிய குமிழ் லென்ஸ்கள் பதித்த ஸ்னைடர் கிளாசிக் சாஃப்ட், டிஃபன் சாஃப்ட் எஃப்எக்ஸ் போன்ற வகையைப் பாருங்கள். கண்ணின் கூர்மை பெரிதும் குறையாமல் தோல் மட்டும் தணியும்.

1/8, 1/4, 1/2ன்னு நம்பர் போட்டு விக்கறாங்க. பிளாக் மிஸ்ட், வெறும் மிஸ்ட்டுன்னு வேற இருக்குது. கல்யாண வேலைக்கு எது வாங்கறதுங்க?
ஈரோடு வாசகர்

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிளாக் மிஸ்ட் 1/8 (மூன்றில் எஃபெக்ட் குறைந்தது). இரண்டு முடியும் என்றால் 1/4-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1/2-உம் அதற்கு மேலும் பாட்டுக் காட்சிக்கும் கனவுக் காட்சிக்கும் ஆனவை. கல்யாண வேலையில் அவை பைக்குள்தான் கிடக்கும்.

மிஸ்ட் கண்ணாடிக்குள் இருக்கும் துகள்கள் வரும் ஒளியில் சிறு பங்கைச் சிதறடிக்கும். மீதி நேராகப் போகும். நேராகப் போன ஒளி கூர்மையான படத்தைத் தரும், சிதறிய ஒளி அதன்மேல் மெல்லிய புகையாகப் படியும். அதனால்தான் இந்தப் படத்தில் ஃபோகஸ் தப்பிய மழுங்கல் இருக்காது. பிளாக் வகையில் கறுப்புத் துகள்களும் கலந்திருக்கும். நிழல் பகுதி சாம்பல் பூக்காமல் ஓரளவு காக்க அவை உதவுகின்றன. அடர் நிறப் பட்டும் கறுத்த கூந்தலும் நிறைந்த நம் கல்யாணப் படங்களுக்குப் பிளாக்தான் பொருத்தம்.

நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 1/4 இன்னொரு கம்பெனியின் 1/4-க்குச் சமம் இல்லை. கென்கோ 05, 1 என்று போடுகிறது. மொமென்ட் 5, 10, 20 சதவீதம் என்று போடுகிறது. ஒரே கல்யாணத்தில் இரண்டு கேமரா ஓடினால் இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே வகைதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒரு ஷாட் பனியாகவும் அடுத்த ஷாட் பளிச்சென்றும் வந்து நிற்கும், கலர் திருத்தி அதைச் சேர்க்க முடியாது.

லென்ஸின் ஃபோகல் லென்த்தும் (28 மி.மீ., 85 மி.மீ. என்று சொல்லும் அளவு) கணக்கில் வர வேண்டும். துகள் ஒளியைச் சிதறடிக்கும் கோணம் மாறுவதில்லை. அந்தக் கோணம் சென்சாரில் விழும் அகலம் ஃபோகல் லென்த்துக்குத் தக்கபடி பெருகும். 28 மி.மீ.-இல் பல்பைச் சுற்றித் தெரியும் வட்டம் 85 மி.மீ.-இல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். 28-இல் 1/4 போட்டு அழகாக வந்தால், அதையே 85-இல் மாட்டாமல் 1/8-க்கு இறங்குங்கள். ஜூம் லென்ஸில் நீளமான முனையை வைத்து நம்பரைத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது கழற்ற வேண்டும் என்பதும் முக்கியம். கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் நடக்கும்போதும், சடங்குகளை நடத்தும் பெரியவரான அருமைக்காரர் சீர் செய்யும்போதும் கை, மஞ்சள், அரிசி, தேங்காய் எல்லாம் தெளிவாகப் பதிவாக வேண்டும். அந்தக் குடும்பத்தார் பிற்காலத்தில் சடங்கின் வரிசையைப் பார்க்க எடுத்துப் புரட்டும் படங்கள் அவை. அங்கே ஃபில்டர் வேண்டாம். குரூப் போட்டோவுக்கும் வேண்டாம். ஐம்பது பேர் நிற்கும் படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் கிடைப்பது கொஞ்சம் பிக்சல்தான், அதையும் கலைத்துவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை ஓடினால் கட்டாயம் கழற்றுங்கள். திரை முழுக்க ஒளிமூலம் என்பதால் படம் மொத்தமும் வெளுத்து, முகம் சப்பென்று போகும்.

போட்டு எடுக்க வேண்டிய நேரமும் இருக்கிறது. சீரியல் பல்பு பின்னணியில் வைத்து எடுக்கும் ஜோடிப் படம், குத்துவிளக்கு ஏற்றும் படம், விடியற்கால முகூர்த்தத்தில் நெற்றிச்சுட்டியிலும் ஜரிகையிலும் விளக்கு மின்னும் குளோசப். ஹோமப் புகை மண்டபத்தில் நிரம்பிவிட்டால் மட்டும் பொறுங்கள். புகையே ஒரு டிஃப்யூஷன்தான், இரண்டும் சேர்ந்தால் அதிகமாகிவிடும்.

12×36 அங்குல ஆல்பத்தை மேட் தாளில் அடிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மேட் தாளில் கறுப்பு ஆழமாக விழாது. திரையில் அளவாகத் தெரியும் மென்மை அச்சில் கூடுதலாகத் தெரியும். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு தாள் சோதனை அடித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் எடிட்டிங்கிலேயே செய்துவிடலாமே, கண்ணாடிக்கு ஏன் செலவு?
கோயம்புத்தூர் வாசகர்

பாதி செய்யலாம். லைட்ரூமில் டெக்ஸ்ச்சர், கிளாரிட்டி இரண்டையும் -10, -15 அளவில் குறைத்தால் தோல் தணியும். கூர்மையான படத்தின்மேல் மங்கலாக்கிய நகலை வைத்துக் கலக்கும் ஆர்ட்டன் முறையும் இருக்கிறது. மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்ததையே இப்போது லேயரில் செய்கிறோம்.

மென்பொருளால் முடியாத பாதி ஹைலைட்டில் (படத்தின் மிகப் பிரகாசமான பகுதியில்) இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் ஹாலஜன் பல்பும் ஒரே ஃப்ரேமில் வெடித்துப்போனால் (விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிட்டால்) ஃபைலில் இரண்டுக்கும் ஒரே எண்தான் பதிவாகும். பல்பு சட்டையைவிடப் பல நூறு மடங்கு பிரகாசம் என்ற தகவல் அங்கே இல்லை. மென்பொருள் இரண்டுக்கும் ஒரே அளவு ஒளிவட்டம் போடும். ஃபில்டர் சென்சாருக்கு முன்னால் நிற்பதால் பல்புக்குப் பெரிதாகவும் சட்டைக்குச் சின்னதாகவும் தானே பிரித்துப் போடும். ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் விளக்கின் ஒளியும் ஃபில்டரில் பட்டுப் படத்துக்குள் கசியும். அந்த விளக்கு ஃபைலில் இல்லவே இல்லை.

அதே காரணத்தால் ஃபில்டர் போட்டு எடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் வேலையாக இருந்தால் முக்கியமான ஷாட்டை ஃபில்டர் இல்லாமலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கரூர்ல கொசுவலைத் துணிக்குப் பஞ்சமே இல்லைங்க. லென்சுக்கு முன்னாடி அதைக் கட்டினா அதே எஃபெக்ட் வருமா?
கரூர் வாசகர்

வலைத்துணி கட்டும் யோசனை சரியானது. சினிமாக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவருவது. ஆனால் கொசுவலை சரிப்படாது. இழை தடிப்பு, வலைக்கண் பெரிது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் ஒளியை வாங்கும் வாசலின் அகலம், ஃபோகல் லென்த்தை எஃப் எண்ணால் (லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எண்) வகுத்தால் வரும். 85 மி.மீ. எஃப்/1.8-இல் அது 47 மி.மீ. 24 மி.மீ. எஃப்/8-இல் வெறும் 3 மி.மீ. அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் கொசுவலையின் இழை ஒன்றோ இரண்டோதான் வரும். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் இழை நகர்ந்து எஃபெக்ட் மாறும், சில நேரம் இழையே நிழலாக விழும். வலை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது. பெண்கள் காலில் அணியும் மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங்ஸ், 10 அல்லது 15 டெனியர், இதற்குச் சரியான துணி. 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் குறையக் குறைய இழை மெலியும்.

செய்முறை: உங்கள் லென்ஸ் அளவுக்குப் பழைய யூவி ஃபில்டர் ஒன்றை எடுத்து, உள்வளையத்தைத் திருகிக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஸ்டாக்கிங்ஸை ஒரு வெட்டு வெட்டி விரித்து, எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுங்கள். இழுப்பு ஒரு பக்கம் கூடினால் ஒளிவட்டம் அந்தத் திசையில் நீளும். ஃபில்டர் வளையத்தின் முன் விளிம்பில் மட்டும் பசையை மெல்லியதாகத் தடவி, இழுத்த துணியின்மேல் கவிழ்த்து அழுத்துங்கள். காய்ந்ததும் ஓரத்தைப் பிளேடால் வெட்டுங்கள். மரையில் பசை படக்கூடாது. சூப்பர் குளூ வகைப் பசை என்றால் ஒரு முழு நாள் காற்றாட வைத்துவிட்டுத்தான் லென்ஸில் மாட்ட வேண்டும். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும்.

கறுப்பு வலை கான்ட்ராஸ்டைக் காக்கும். வெள்ளை வலை தன்மேல் விழும் ஒளியைத் தானே சிதறடித்து நிழலை வெளுக்கும். துணியை அதிகம் இழுத்தால் கண் விரிந்து எஃபெக்ட் குறையும், தளர விட்டால் கூடும். ஒரே துணியில் இரண்டு மூன்று இழுப்பில் வளையங்கள் செய்து வைத்துக்கொள்ளலாம். சதுரக் கண் வலையில் விளக்கைச் சுற்றி நான்கு முனை நட்சத்திரம் வரும், அறுகோணக் கண்ணில் ஆறு முனை. வலை ஒளியையும் கொஞ்சம் மறைக்கும். மேனுவலில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

லென்ஸின் பின்பக்கம் வலை ஒட்டும் முறையை எலக்ட்ரானிக் தொடர்பு உள்ள லென்ஸ்களில் முயலாதீர்கள். இழை பிரிந்து சென்சார் பக்கம் விழும்.

பனியன் கம்பெனிக்குக் கேட்டலாக் எடுக்கிறேன். வரி வரியான ரிப் துணியில் கலர் கலராக அலை விழுகிறது. மிஸ்ட் ஃபில்டர் அதைப் போக்குமா?
திருப்பூர் வாசகர்

போக்காது. அலை வருவது துணியின் வரிகளும் சென்சார் பிக்சல் வரிசையும் மோதுவதால். மிஸ்ட் ஃபில்டரில் பெரும்பங்கு ஒளி நேராகவே போகிறது, வரிகளும் அப்படியே போய்ச் சேரும். அலை கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். அதற்காகத் துணியின் நிறத்தையும் கறுப்பையும் கெடுத்துக்கொள்வது நட்டம். துணி வாங்கும் பையர் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

லென்ஸ் திறப்பை எஃப்/16-க்கு மூடுங்கள். அந்தத் திறப்பில் டிஃப்ராக்ஷனால் (சின்னத் திறப்பில் ஒளி வளைந்து விரிவதால்) ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் அகலத்துக்கு விரிகிறது. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சல் 4.4 மைக்ரான்தான் என்பதால் பிக்சல் அளவு வரிகள் கலைந்துவிடும். மாடல் அணிந்து எடுக்கும்போது அது முடியாவிட்டால் அரையடி முன்னேயோ பின்னேயோ நகருங்கள், அல்லது கேமராவை ஐந்து பத்து டிகிரி சாய்த்து எடுத்துப் பின்னால் நேராக்குங்கள். சின்னத் திரையில் தெரியும் அலை சில நேரம் திரையின் அலைதான். 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பண்ணாரி கோயில் குண்டம் (தீமிதி) எடுக்கப் போகிறேன். மிஸ்ட் போடலாமா?
சத்தியமங்கலம் வாசகர்

1/8 போடலாம், அதற்கு மேல் வேண்டாம். இருட்டில் கங்கு மட்டும் ஒளிரும் இடம், ஃபில்டரின் குணம் முழுவதும் அங்கே தெரியும். தணலுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். நெருப்பின் சிவப்பு சேனல் முதலில் வெடிக்கும், ஆகவே ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் (ஒவ்வொரு நிறத்தின் பிரகாசத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடம்) சிவப்பைப் பாருங்கள், மொத்த ஹிஸ்டோகிராம் ஏமாற்றும். வெடித்த தணலைச் சுற்றி வரும் வட்டம் மஞ்சளாக வழிந்து, இறங்குபவரின் காலை விழுங்கிவிடும். புகையும் தூசும் இருக்கும் கூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறினால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். அந்தத் தருணம் திரும்ப வராது.

தென்னந்தோப்பில் மாலை வெயிலுக்கு எதிரே எடுத்தால் ஃபில்டர் போட்ட படம் முழுக்க வெளுத்துவிடுகிறது. கூடவே ஒரு பச்சைப் புள்ளி.
பொள்ளாச்சி வாசகர்

வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கிறது. சூரியன் ஃப்ரேமுக்கு வெளியே இருந்தாலும் கண்ணாடியில் பட்டால் ஒவ்வொரு துகளும் அதைச் சிதறடிக்கும். ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டுங்கள், போதாவிட்டால் லென்ஸுக்கு மேலே ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து ஃபில்டர்மேல் நிழல் விழச் செய்யுங்கள். தென்னை அடிமரத்துக்குப் பின்னால் சூரியனைப் பாதி மறைத்து நின்றால் வட்டமும் கிடைக்கும், கறுப்பும் நிற்கும். பச்சைப் புள்ளி சென்சாரில் பட்ட ஒளி ஃபில்டரின் தட்டையான பின்பக்கத்தில் மோதித் திரும்பி வருவது. சூரியன் இருக்கும் இடத்துக்கு நேர் எதிர் மூலையில் விழும். நல்ல மல்டி-கோட்டிங் உள்ள ஃபில்டரில் குறையும். யூவி ஃபில்டரையும் கழற்றாமல் அதன்மேல் மிஸ்ட் மாட்டியிருந்தால் அதை முதலில் எடுங்கள். கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும்.

என் மூன்று லென்ஸுக்கும் மூன்று ஃபில்டர் அளவு: 67, 77, 82 மி.மீ. மூன்று ஃபில்டர் வாங்க வேண்டுமா?
நாமக்கல் வாசகர்

82-இல் ஒன்று வாங்கி, 67-82, 77-82 ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) இரண்டு வாங்குங்கள். பித்தளை ரிங் அலுமினியத்தைவிடச் சிக்குவது குறைவு. ரிங் மாட்டியபின் லென்ஸின் சொந்த ஹூட் பெரும்பாலும் ஏறாது, 82-க்கான திருகு ஹூட் தனியாக வேண்டும். ரிங் சிக்கிக்கொண்டால் விரலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். விளிம்பைச் சுற்றி ஒரு அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாகத் திருப்புங்கள்.

பின்னணி விளக்கு வட்டங்களுக்குள் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி. தூசியா?
தாராபுரம் வாசகர்

தூசி இல்லை, பிளாக் மிஸ்ட்டின் கறுப்புத் துகள்களின் நிழல். ஃபோகஸ் இல்லாத வட்டம் பெரிதாகும்போது தெரியும். அந்த ஷாட்டுக்கு ஸ்டாக்கிங்ஸ் வலையும் பயன்படாது, அதுவும் தன் வலைக்கண்ணை வட்டத்துக்குள் வரையும். ஃபில்டரைக் கழற்றிவிடுவதே நல்லது.

செல்போனுக்கு?
பவானி வாசகர்

மாட்டலாம், பலன் குறைவு. போன் பல படங்களைச் சேர்த்து ஹைலைட்டை இறக்கி, விளிம்பைக் கூர்மையாக்கி, ஃபில்டர் செய்ததில் பெரும்பகுதியைத் திருத்திவிடும். ரா எடுக்கும் செயலியில் முயன்று பாருங்கள்.

மழைக்காலத்தில் ஃபில்டரை எப்படிப் பாதுகாப்பது? அழுக்கா மிஸ்ட்டா என்றே தெரிவதில்லை.
வால்பாறை வாசகர்

கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். மிஸ்ட் எல்லா இடத்திலும் ஒரே சீராக மின்னும். விரல்ரேகையும் எண்ணெயும் கோடாகவோ திட்டாகவோ தனித்துத் தெரியும். முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் திரவத்தைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராக விடாதீர்கள். டிஃபன் போன்றவை இரண்டு கண்ணாடிக்கு நடுவே துகளை வைத்து ஒட்டியவை. ஓரம் வழியே திரவம் இறங்கினால் அடுக்கு பிரிந்து, ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தோன்றும். அது மறுபடி ஒட்டாது.

ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வெளியே வந்ததும் கண்ணாடியில் நீராவி படியும். ஏற்கெனவே மிஸ்ட் இருப்பதால் இது கண்ணில் படாமலே பத்து நிமிடப் படம் பாழாகும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை வரும். ஃபில்டரில் பூஞ்சை கண்டால் லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காமல் உடனே பிரித்துவிடுங்கள்.